சில நூறு வாக்குகளில் தோற்றால் எந்த வழி: எண்ணும் மேசையா, கருவிச் சோதனையா, நீதிமன்றமா, ஒப்புக்கொள்வதா?

கோத்தகிரி, கூடலூர், குந்தா பக்கங்களிலிருந்து ஒரே கேள்வி மூன்று பேர் வாயிலாக என்னிடம் வந்திருக்கிறது. ஒருவர் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்க ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் சிறு தேயிலை விவசாயி. இன்னொருவர் ஒரு கட்சிக்காக வாக்கு எண்ணும் மேசையில் உட்காரப் போகிறவர். மூன்றாமவர் எந்தக் கட்சியிலும் இல்லாத வாக்காளர். சில நூறு வாக்குகளில், அல்லது சில பத்து வாக்குகளில், முடிவு ஒரு பக்கம் சாய்ந்து, அதில் ஐயமும் எழுந்துவிட்டால், மறு எண்ணிக்கை கேட்பதா, இயந்திரத்தைச் சோதிக்கச் சொல்வதா, வழக்குத் தொடுப்பதா, தோல்வியை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போவதா என்பதுதான் மூவருடைய கேள்வியும்.

இது நடக்காத ஒன்றை எண்ணிக் கவலைப்படுவது அன்று. 2021 சட்டமன்றத் தேர்தலில் நீலகிரியின் மூன்று தொகுதிகளிலும் வித்தியாசம் குறைவுதான்: உதகையில் 5,348, குன்னூரில் 4,105, கூடலூரில் 1,945. அதே தேர்தலில் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் 281 வாக்குகளும், சென்னை தியாகராய நகரில் 137 வாக்குகளும் வெற்றியைத் தீர்மானித்தன. முதுமலையைத் தாண்டினால் வரும் சாமராஜநகர் மாவட்டத்தில், சந்தேமரஹள்ளித் தொகுதியில், 2004இல் ஒருவர் 40,752 வாக்குகளும் அடுத்தவர் 40,751 வாக்குகளும் பெற்றார்கள். ஊராட்சி வார்டுகளில் ஒற்றை இலக்க வித்தியாசம் வியப்புக்குரியதே அன்று.

அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பணிக்காலத்தில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகவும், சில முறை எண்ணும் மேசையில் மேற்பார்வையாளராகவும் இருந்திருக்கிறேன். வழக்கறிஞன் அல்லன். ஆகவே நீதிமன்றம் போக முடிவெடுப்பவர்கள் கீழே நான் எழுதியிருப்பதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

எவற்றை வைத்து எடைபோடுவது

முதலில் காலம். எண்ணும் மேசையில் உள்ள வாய்ப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடும். கருவிச் சோதனைக்கு 7 நாள். தேர்தல் வழக்குக்கு 45 நாள். ஒன்று மூடிய பிறகு அடுத்ததைத் தட்டலாம், ஆனால் மூடியது மறுபடி திறப்பதில்லை.

இரண்டாவது, அந்த வழியால் உண்மையில் எதை மாற்ற முடியும் என்பது. எண்ணிக்கைப் பிழை, செல்லாதென்று தள்ளிய தபால் வாக்கு, கருவியில் கோளாறு, பணம் கொடுத்தது, வாக்காளர் பட்டியலில் பெயர் விட்டுப்போனது ஆகியவை வெவ்வேறு நோய்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. பட்டியல் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோட்டக் குடியிருப்பைக் காலி செய்ததால் பெயர் நீக்கப்பட்டவர்களின் குறை நியாயமானது. ஆனால் அது வாக்குப்பதிவுக்கு முன்பு தீர்க்க வேண்டிய குறை. முடிவு வந்தபின் இந்த நான்கு வழிகளில் எதுவும் அதற்குப் பயன்படாது.

மூன்றாவது செலவு. கட்டணம் மட்டும் செலவு அன்று; அலைச்சல், ஆண்டுக்கணக்கில் தொங்கும் மனநிலை, ஊருக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோவது எல்லாம் செலவுதான்.

நான்காவதை நான் எல்லாவற்றிலும் முதன்மையாக வைப்பேன். அந்த வழியில் கிடைக்கும் விடையை, வரிசையில் நின்று வாக்களித்த ஒருவரிடம் காட்டிப் புரியவைக்க முடியுமா? 2024 ஏப்ரல் 27 அன்று, நீலகிரி மக்களவைத் தொகுதியின் வாக்குப்பதிவுக் கருவிகள் வைத்திருந்த உதகை அரசு பாலிடெக்னிக் கல்லூரியில், கண்காணிப்புக் கேமராக்களின் திரைகள் சுமார் 20 நிமிடம் இருண்டுவிட்டன. அதிக வெப்பத்தால் ஏற்பட்ட கோளாறு என்று நிர்வாகம் விளக்கியது. முடிவில் வித்தியாசம் 2,40,585 வாக்குகள் என்று வந்ததால் அந்த 20 நிமிடத்தைப் பற்றிப் பிறகு யாரும் பெரிதாகப் பேசவில்லை. கூடலூரில் 2021இல் வந்ததுபோல 1,945 என்று வந்திருந்தால் இன்றுவரை டீக்கடைகளில் அதே பேச்சாகத்தான் இருந்திருக்கும். கேமரா அணைந்தது இரு நிலையிலும் ஒன்றே. வித்தியாசம் சுருங்கும்போது ஒரு சிறு கோளாறும் பெரும் ஐயமாக வளர்கிறது. அந்த ஐயத்துக்கு விடை கேமராவில் இல்லை. சீல் வைத்த நாளில் முகவர்கள் குறித்துக்கொண்ட சீல் எண்களும், கட்டுப்பாட்டுக் கருவியின் (வாக்குகளைப் பதிந்து வைத்திருக்கும் பகுதி) எண்ணும், எண்ணும் நாளில் மேசையில் காட்டப்படுவதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதில்தான் விடை இருக்கிறது.

முதல் வழி: எண்ணும் மேசையில் கேட்பது

பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் தராசைப் பார்க்காமல் வந்துவிட்டு, மாதக் கடைசியில் கணக்குக் குறைகிறது என்று சொன்னால் அதைக் கேட்க ஆளில்லை என்பது இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். தேர்தலுக்கும் அந்த நேரம் ஒன்று இருக்கிறது. எல்லாச் சுற்றுகளும் முடிந்து, தேர்தல் நடத்தும் அலுவலர் படிவம் 20இல் மொத்தத்தை எழுதி வாசிப்பதற்கும், அதில் கையெழுத்திட்டு வெற்றியாளரை அறிவிப்பதற்கும் இடைப்பட்ட நேரம் அது.

1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 63ஆம் விதி இந்த நேரத்தில் மறு எண்ணிக்கை கேட்கும் உரிமையை வேட்பாளருக்கும், அவர் இல்லாதபோது அவருடைய தேர்தல் முகவருக்கும் எண்ணும் முகவருக்கும் தருகிறது. கோரிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். அலுவலர் முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ ஏற்கலாம். அற்பமானது அல்லது நியாயமற்றது என்று கருதினால் மறுக்கலாம். எப்படியானாலும் காரணங்களுடன் எழுத்தில் உத்தரவு தர வேண்டும். கேட்பதற்கு நியாயமான அவகாசம் கொடுக்காமல் அவர் கையெழுத்திடக் கூடாது. கையெழுத்தாகிவிட்டால் அதன்பின் வரும் எந்தக் கோரிக்கையையும் அவர் ஏற்க முடியாது. மாவட்ட ஆட்சியராலும் முடியாது.

ஆனால் "எல்லாவற்றையும் மறுபடி எண்ணுங்கள்" என்று எழுதிக் கொடுப்பதில் பயன் குறைவு. கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்தான் வரும். மாறக்கூடியவை வேறு இடங்களில் இருக்கின்றன, அவற்றைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

ஒன்று, தபால் வாக்குகள். காகிதத்தில் பதிவாகி, கையால் பிரிக்கப்பட்டு, உறுதிமொழிப் படிவத்தில் ஒரு கையெழுத்துக் குறைந்தால்கூடத் தள்ளப்படுபவை இவை. செல்லாதென்று தள்ளிய தபால் வாக்குகளின் எண்ணிக்கையைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், அறிவிப்புக்கு முன் அவை அனைத்தையும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். இது வேட்பாளர் கேட்டுப் பெறும் சலுகை அன்று, அலுவலரின் கடமை. இருந்தாலும் முகவர் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு நினைவூட்ட வேண்டும்.

இரண்டு, ஒப்புகைச் சீட்டுகள், அதாவது வாக்கு எந்தச் சின்னத்துக்கு விழுந்தது என்று கருவியோடு இணைந்த பெட்டி அச்சிடும் காகிதத் துண்டுகள். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் தேர்ந்த 5 சாவடிகளின் சீட்டுகளை எண்ணுவது 2019 ஏப்ரல் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் வழக்கமாகிவிட்டது. அதற்கு மேலும் குறிப்பிட்ட ஒரு சாவடியில் ஐயம் இருந்தால், 56டி விதியின்படி அந்தச் சாவடியின் சீட்டுகளை எண்ணச் சொல்லி எழுதிக் கேட்கலாம். கருவியின் எண்ணும் சீட்டின் எண்ணும் வேறுபட்டால் சீட்டின் எண்ணே நிற்கும். ஒரு சாவடிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும். எனவே இருநூறு சாவடிக்குக் கேட்டால் மறுப்பு நிச்சயம், இரண்டு சாவடிக்குக் காரணத்தோடு கேட்டால் மறுப்பது கடினம்.

மூன்று, கூட்டல். மேசையில் எழுதிய எண் படிவம் 20க்கு ஏறும்போது இடம் மாறலாம். 14 மேசைகளில் சுற்றுச் சுற்றாக வரும் எண்களைத் தன் கையாலேயே எழுதிவைத்த முகவருக்கு மட்டுமே இது புலப்படும்.

நான்கு, படிவம் 17சி. வாக்குப்பதிவு முடிந்ததும், மொத்தம் எத்தனை வாக்குகள் பதிவாயின என்று சாவடித் தலைமை அலுவலர் எழுதித் தரும் கணக்கு அது. அங்கிருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் ஒரு படி தரப்பட வேண்டும். காலையில் நடத்தும் மாதிரி வாக்குப்பதிவின் வாக்குகளை அழிக்க மறந்துவிட்டால், 17சியின் எண்ணும் கருவி காட்டும் எண்ணும் ஒத்துப்போகாது. அப்படிப்பட்ட சாவடியின் மொத்த வாக்குகள் வெற்றி வித்தியாசத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால், அங்கே ஒப்புகைச் சீட்டை எண்ணியே தீர வேண்டும்.

இந்த வழியின் மறைந்திருக்கும் செலவு மலையில் உள்ளவர்களுக்குக் கூடுதல். வாக்குப்பதிவு 6 மணிக்கு முடிந்து, சீல் வைத்து, 17சி எழுதிக் கையெழுத்து வாங்க ஏழரையும் ஆகலாம். கடைசிப் பேருந்தைப் பிடிக்க முகவர் 5 மணிக்கே கிளம்பிவிடுகிறார். கூட்டமாக யானை வரும் பாதையென்றால் அவரைக் குறை சொல்லவும் மனம் வருவதில்லை. கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்த தெங்குமரஹாடாவுக்குப் பவானிசாகர் சுற்றி, மாயாற்றைக் கடந்துதான் போக வேண்டும். அங்கே முகவராக இருப்பவர் அன்றிரவு அங்கேயே தங்குவதற்கு ஏற்பாடு செய்திருந்தால்தான் 17சி கைக்கு வரும். தங்குமிடம், ஜீப் வாடகை, இரவுச் சாப்பாடு ஆகியவையே இந்த வழியின் செலவு. தொகுதி முழுவதற்கும் கூட்டினாலும், அது ஒரு வழக்கறிஞரின் முதல் தவணையைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது என் அனுபவம்.

2020 ஜனவரியில், ஊரக உள்ளாட்சித் தேர்தல் எண்ணிக்கையில், பதினைந்துக்கும் குறைவான வாக்குகளில் ஒருவர் தோற்றதை அருகிலிருந்து பார்த்தேன். விடியற்காலையிலிருந்து சாப்பிடாத அவருடைய முகவர், மொத்தம் வாசிக்கப்பட்ட வேளையில் வெளியே போயிருந்தார். அவர் திரும்பி வந்தபோது அறிவிப்பு முடிந்திருந்தது. மறுநாள் காலையில் நான்கு பக்க மனுவுடன் வந்தார்கள். வாங்கி வைத்துக்கொள்ளும் அதிகாரம்கூட அங்கே யாருக்கும் இல்லை. அந்த எண்ணிக்கை தவறானது என்று நான் சொல்லவில்லை. சரியானதென்று அவருக்குக் காட்டும் வாய்ப்பும் போய்விட்டது. அந்த ஊரில் இன்றும் அதை நம்பாதவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தந்த நாள் அது.

இரண்டாம் வழி: கருவியின் நினைவகத்தைச் சோதிக்கக் கேட்பது

2024 ஏப்ரல் 26ஆம் நாள் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், எல்லா ஒப்புகைச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்காமல், இந்தப் புதிய வழியைத் திறந்தது. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள், முடிவு வந்த 7 நாட்களுக்குள் எழுதிக் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 விழுக்காடு கருவிகளின் நினைவகத்தை, தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் சோதிப்பார்கள். செலவு கேட்பவருடையது, முறைகேடு தெரிந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். 2024 மக்களவைத் தேர்தலுக்குப் பின் ஒரு தொகுப்புக்கு (கட்டுப்பாட்டுக் கருவி, வாக்குப்பதிவுக் கருவி, ஒப்புகைச் சீட்டுக் கருவி மூன்றும் சேர்ந்தது) ரூ.40,000 கட்டணமும் 18 விழுக்காடு வரியும் சேர்த்து ரூ.47,200 கேட்கப்பட்டது. 200 சாவடிகள் உள்ள ஒரு தொகுதியில் 5 விழுக்காடு என்றால் 10 தொகுப்புகள். அந்தக் கணக்கில் ரூ.4,72,000. கட்டணம் மாறக்கூடியது, அந்தந்தத் தேர்தலுக்கு உரியதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். விருதுநகர் மக்களவைத் தொகுதியில் 4,379 வாக்குகளில் தோற்ற வேட்பாளர் இந்த வழியைக் கையாண்டவர்களில் ஒருவர்.

நம்பிக்கை என்ற அளவுகோலில் இந்த வழி எனக்கு நிறைவு தரவில்லை. கருவி ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொறியாளர் சொல்வதைக் குந்தாவில் உள்ள வாக்காளர் எப்படிச் சரிபார்ப்பார்? காகிதச் சீட்டை எண்ணும்போது கண்ணால் பார்க்கலாம். நினைவகத்தை அப்படிப் பார்க்க இயலாது. சோதனையின்போது கருவியிலுள்ள தரவை அழிக்கவோ புதிதாக ஏற்றவோ கூடாது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே தலையிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. தேர்தல் வழக்குக்கான 45 நாள் கழியும் வரை கருவிகளை வெளியே எடுப்பதில்லை. வழக்கு வந்துவிட்டால் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஆகவே சோதனையின் விடையைப் பார்த்துவிட்டு வழக்குப் போடலாம் என்று காத்திருப்பவர் வழக்கையும் இழந்துவிடுவார். குறிப்பிட்ட சில சாவடிகளில் கருவி இடையில் மாற்றப்பட்டது, எண்கள் ஒத்துப்போகவில்லை என்பன போன்ற கையெழுத்துள்ள குறிப்புகள் இருந்து, பணமும் இருந்தால் மட்டுமே இந்த வழியைப் பரிந்துரைப்பேன்.

மூன்றாம் வழி: தேர்தல் வழக்கு

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் முடிவை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு மூலமாக மட்டுமே எதிர்க்க முடியும். வேட்பாளர் மட்டுமன்றி, அத்தொகுதியின் எந்த வாக்காளரும் தொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பிணைத்தொகை ரூ.2,000தான். அதைப் பார்த்து மலிவான வழி என்று நினைத்துவிடக் கூடாது.

முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மனு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் தாமதத்தைக்கூட மன்னிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை. "என்னையே வென்றவனாக அறிவியுங்கள்" என்றும் கேட்பதாக இருந்தால், போட்டியிட்ட எல்லா வேட்பாளர்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். ஒருவரை விட்டாலும் மனு தள்ளுபடியாகும். அப்படிக் கேட்கும்போது, வென்றவர் எதிர்க்குற்றம் சாட்டி மனுதாரரின் வாக்குகளையும் கேள்விக்கு உட்படுத்தலாம். பாதியில் சமாதானமாகி மனுவைத் திரும்பப் பெறவும் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

வித்தியாசம் சிறியது என்பது மட்டுமே நீதிமன்றத்துக்குக் காரணம் ஆகாது. வாக்கின் இரகசியம் காக்கப்பட வேண்டியது என்பதால், எந்தச் சாவடியில், எந்த மேசையில், என்ன நடந்தது என்று குறிப்பாகச் சொல்லி, முதல் பார்வையிலேயே நம்பத்தக்க ஆதாரமும் காட்டினால்தான் மறு எண்ணிக்கைக்கு உத்தரவு வரும் என்பதை 1964 முதல் உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. அந்தக் குறிப்புகள் முதல் வழியில் சேகரித்தவையாகத்தான் இருக்க முடியும். மேசையில் கேட்டு மறுக்கப்பட்ட எழுத்துபூர்வ உத்தரவு ஒன்று கையில் இருப்பவரின் மனுவுக்கும், வெறும் மனக்குறையோடு வருபவரின் மனுவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு.

இராதாபுரம் வழக்கை ஒரு தலைமை ஆசிரியராக நான் ஆர்வத்துடன் பின்தொடர்ந்தேன். 2016இல் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 வாக்குகளில் தி.மு.க.வின் அப்பாவுவை வென்றார். 203 தபால் வாக்குகள் தள்ளப்பட்டிருந்தன. உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பமிட்ட நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் அந்த அதிகாரம் உள்ளவரா இல்லையா என்பதே கேள்வி. ஒரு தொகுதியின் முடிவு எங்களைப் போன்ற ஒருவரின் கையெழுத்தில் தொங்கியது. ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்லும் வழக்கில், மூன்று ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 2019 அக்டோபர் 1ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டது. அக்டோபர் 4ஆம் நாள் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடியும்வரை அந்த எண் வெளியே வரவில்லை. 2021இல் அப்பாவு அதே தொகுதியில் தேர்தலில் வென்று சட்டப்பேரவைத் தலைவரானார்.

தென்காசியில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2021இல் 370 வாக்குகளில் வந்த வெற்றியை எதிர்த்த வழக்கில் தபால் வாக்குகளை மறுபடி எண்ண உத்தரவாகி, 2023 ஜூலையில் எண்ணி முடித்தார்கள். வென்றவரே மறுபடியும் வென்றார். தோற்ற தரப்புக்கு இது வீண் செலவாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை: ஒரு தொகுதியின் ஐயம் கண்முன்னே தீர்ந்தது. இந்த வழி பதவியை வாங்கித் தருவது அரிது. உண்மையைப் பதிவில் ஏற்றுவது சில வேளைகளில் நடக்கிறது. எதற்காகப் போகிறோம் என்பதில் மனுதாரர் தெளிவாக இருந்தால் ஏமாற்றம் குறையும்.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்தக் காலக்கெடு முக்கியம். வழக்கு எதுவும் வராவிட்டால் 45 நாளுக்குப் பிறகு கேமராப் பதிவுகளை அழித்துவிடலாம் என்று 2025 மே மாதம் தேர்தல் ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. நீலகிரிக்கு உயர் நீதிமன்றம் சென்னையில் இருக்கிறது. உதகையிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சாட்சியை அழைத்துப் போய்த் திரும்ப இரண்டு நாள் வேலை போகும். சாட்சிகளாக வரவேண்டிய முகவர்கள் பெரும்பாலும் நாட்கூலிக்கு வேலை செய்பவர்கள் என்பதை மனு எழுதும்போதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான்காம் வழி: சரிபார்த்துவிட்டு ஒப்புக்கொள்வது

சரிபார்க்காமல் ஒப்புக்கொள்வதையும் சரிபார்த்து ஒப்புக்கொள்வதையும் நான் ஒன்றாக வைக்க மாட்டேன். எல்லா 17சி படிகளும் படிவம் 20உம் ஒத்துப்போகின்றன, தள்ளிய தபால் வாக்குகளைக் கண்ணால் பார்த்தாயிற்று, குலுக்கலில் வந்த 5 சாவடிகளின் சீட்டுகளும் சரி என்றால், தோற்ற வேட்பாளர் அதை வெளிப்படையாகச் சொல்வது தொகுதிக்குச் செய்யும் பெரிய உதவி. வென்றவர் சொன்னால் நம்பாதவர்கூடத் தோற்றவர் சொன்னால் நம்புவார். ஹட்டியில் (படுகர் ஊரில்) பத்துப் பேரைக் கூட்டிவைத்து, இதோ நம் சாவடியின் கணக்கு, இதோ அவர்கள் அறிவித்த கணக்கு என்று இரண்டு தாள்களையும் காட்டினால் போதும்.

இதன் மறைந்திருக்கும் செலவு கட்சிக்குள் வரும். "விலை போய்விட்டான்" என்ற பழி வரும். அந்தப் பழியைத் தாங்கும் துணிவு எல்லோருக்கும் இருப்பதில்லை, அதனால்தான் பலர் ஐயம் இல்லாதபோதும் ஐயம் இருப்பதாகப் பேசுகிறார்கள். அப்படிப் பேசுவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். அடுத்த தேர்தலில் பனியில் நடந்து வந்து வாக்களிக்க வேண்டியவர்களின் கால்களை அது கட்டிப்போடுகிறது. சாலை மறியலையும் இதே இடத்தில் வைக்கிறேன். அறிவிப்புக்குப் பின் மறியல் செய்தால் வழக்கு வரும், பேருந்து நிற்கும், எண்ணிக்கை மாறாது.

ஊராட்சித் தேர்தலானால்

நீலகிரியின் 35 ஊராட்சிகளுக்கும் கணக்கு வேறு. ஊரகத் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். வாக்கு காகிதச் சீட்டில். ஆகவே மறு எண்ணிக்கையால் இங்கே உண்மையான மாற்றம் வரலாம்: இரு சின்னங்களுக்கு நடுக்கோட்டில் விழுந்த முத்திரை, மடித்தபோது ஒட்டிய மை, கட்டில் தவறாகச் சேர்ந்த சீட்டு ஆகிய மூன்றும் பத்து வாக்கு வித்தியாசத்தைப் புரட்டிவிடக்கூடியவை. சமநிலை வந்தால் குலுக்கல்தான். குலுக்கலுக்குச் சம்மதிக்கும் முன் மறு எண்ணிக்கை கேட்க வேண்டும். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை, 45 நாட்களுக்குள் உதகையிலுள்ள மாவட்ட நீதிபதியிடம் மனு கொடுக்கலாம். இதனால் வழக்கு என்ற வழியின் எடை ஊராட்சியில் கூடுகிறது. நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2022இல் பயன்படுத்திய கருவிகளில் ஒப்புகைச் சீட்டு இல்லாததால், அங்கே படிவக் கணக்கு மட்டுமே துணை.

ஹரியானாவின் பானிப்பட் மாவட்டத்தில் புவானா லாக்கு என்ற ஊராட்சியில் 2022 நவம்பரில் நடந்த தலைவர் தேர்தலில், 69ஆம் எண் சாவடியில் தவறு என்று குறிப்பாகச் சுட்டிக்காட்டி ஒருவர் வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றம் கருவிகளை வரவழைத்துத் தன் பதிவாளர் முன்னிலையில் எண்ணச் செய்ததில், அவருக்கு 1,051, அறிவிக்கப்பட்டவருக்கு 1,000 என்று வந்தது. 2025 ஆகஸ்டில் அவர் தலைவரானார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் போயின. ஆனாலும் ஒற்றைச் சாவடியின் எண்ணைச் சொல்ல முடிந்ததால் அவர் வென்றார் என்பதே இதில் நமக்கு வேண்டியது.

| வழி | காலக்கெடு | யார் கேட்கலாம் | எதை மாற்றலாம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| மேசையில் மறு எண்ணிக்கை, சீட்டு எண்ணிக்கை | படிவம் 20 கையெழுத்தாகும் முன் | வேட்பாளர், முகவர்கள் | தபால் வாக்கு, கூட்டல், சீட்டு வேறுபாடு | எல்லாச் சாவடியிலும் இரவுவரை இருக்கும் முகவர் |
| கருவிச் சோதனை | 7 நாள் | 2, 3ஆம் இடம் பெற்றவர் | கருவியில் முறைகேடு உண்டா என்பது | தொகுப்புக்கு ரூ.47,200 (2024), வழக்கின் காலம் கழிந்துபோகும் ஆபத்து |
| உயர் நீதிமன்ற வழக்கு | 45 நாள் | வேட்பாளர், வாக்காளர் | முடிவையே | ஆண்டுகள், அலைச்சல், எதிர்க்குற்றச்சாட்டு |
| மாவட்ட நீதிமன்ற வழக்கு (ஊராட்சி) | 45 நாள் | வேட்பாளர், வாக்காளர் | முடிவையே | ஊருக்குள் பகை |
| சரிபார்த்து ஒப்புக்கொள்வது | இல்லை | வேட்பாளர் | மக்களின் ஐயத்தை | கட்சிக்குள் பழி |

மூவருக்கும் நான் சொன்னது

ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்பவருக்கு, பிரசாரச் செலவில் ஒரு பங்கை இப்போதே முகவர்களின் சாப்பாட்டுக்கும் வண்டிக்கும் ஒதுக்கச் சொன்னேன்; மறு எண்ணிக்கை மனுவை வெற்றிடம் விட்டு எழுதி, எண்ணும் நாளில் சட்டைப் பையில் வைத்திருக்கச் சொன்னேன். கட்சிக்காக மேசையில் உட்காரப் போகிறவருக்கு, கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்று எண்ணப்படும் முன் தபால் வாக்குகள் முடிந்திருக்க வேண்டும் என்ற 2025 செப்டம்பர் அறிவுறுத்தலை எடுத்துக்காட்டி, தள்ளியவை எத்தனை என்று அப்போதே எழுதிக்கொள்ளச் சொன்னேன். கைவசம் குறிப்பிட்ட சாவடியும் எண்ணும் இல்லாமல் கருவிச் சோதனைக்கோ வழக்குக்கோ போக வேண்டாம் என்பதை இருவரிடமும் வலியுறுத்தினேன்.

குந்தாவிலிருந்து கேட்ட வாக்காளர் தம் சாவடியில் பதிவான மொத்த வாக்குகளை, அங்கே இருந்த முகவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த எண், பிறகு வெளியாகும் படிவம் 20இல் அவருடைய சாவடிக்கு எதிரே, நோட்டாவையும் சேர்த்து, உள்ள மொத்தத்தோடு ஒத்துப்போனால் அதை அக்கம்பக்கத்தில் சொல்லலாம். ஒத்துப்போகாவிட்டால், வாக்காளர் என்ற முறையில் அவருக்கும் 45ஆம் நாள் வரை உயர் நீதிமன்றத்தின் கதவு திறந்திருக்கிறது.